கனவே வரக்கூடாது, வந்தாலும் நினைவில் நிற்கக்கூடாது: என்ன செய்யலாம்?

1. திண்ணைக்காரர் (மட்டுறுத்துநர்)

"கனவே வராமல் தூங்க மாத்திரை உண்டா?", "காலையில் எழுந்தால் எல்லாக் கனவும் ஞாபகம் இருக்கிறது, மறக்க வழி சொல்லுங்கள்" என்ற இரண்டு கேள்விகளும் மாதம் தவறாமல் புதுப்புது இழைகளாக வருகின்றன. எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். தூக்க ஆய்வுக்கூடம், மருந்தகம், மனநல ஆலோசனை ஆகிய துறைகளில் இருப்பவர்கள் விவரமாக எழுதுங்கள். சொந்தக் கனவுக் கதையும் கனவுப் பலனும் வேண்டாம், அதற்கு ஜோதிடப் பகுதி இருக்கிறது. மருந்தின் பெயரைச் சொன்னால் எப்போது, எவ்வளவு, ஏன் என்பதையும் சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

2. பதிவறை

முதலில் கேள்வியையே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். கனவே காணாதவர் என்று அநேகமாக யாரும் இல்லை. "எனக்குக் கனவே வராது" என்று அடித்துச் சொல்பவரைக்கூட ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்து, ரெம் தூக்கம் (மூடிய இமைக்குள் கண் வேகமாகத் துள்ளும், கனவு அதிகம் வரும் கட்டம்) ஓடும்போது தட்டி எழுப்பினால் பெரும்பாலும் ஏதாவது சொல்லிவிடுவார். ரெம்மில் எழுப்பும்போது சுமார் 80 சதவீத முறை கனவு கிடைக்கிறது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் க்ளைட்மனும் இந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து இது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது.

பதிவில் ரெம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்காக: இடது கண்ணின் வெளிமுனைக்கு 1 செ.மீ. கீழே ஒரு மின்முனை, வலது கண்ணின் வெளிமுனைக்கு 1 செ.மீ. மேலே ஒன்று, தாடைக்கு அடியில் சில. கண் துள்ளும்போது இரண்டு கண் கோடுகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் குதிக்கும். அதே நேரத்தில் தாடைக் கோடு நூல் பிடித்தது மாதிரி தட்டையாகிவிடும், ஏனென்றால் உடம்புத் தசை மொத்தமும் தளர்ந்திருக்கிறது. இதை 30 வினாடிக்கு ஒரு பக்கமாகப் படிப்போம்.

ஒரு சுற்று சுமார் 90 நிமிடம், ஓர் இரவுக்கு நான்கைந்து சுற்று. முதல் சுற்றின் ரெம் ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், விடியற்காலைச் சுற்றில் அதுவே அரை மணி நேரத்தையும் தாண்டும். 11 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுபவருக்கு ரெம்மில் பெரும்பங்கு 3 மணிக்கு மேல்தான். விடியற்காலைக் கனவு பலிக்குமா என்று தெரியாது, அதிகம் நினைவில் நிற்பது அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரெம்மில் மூளையின் நார்அட்ரினலின் அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது, புது நினைவைப் பதிய வைக்கும் வேலை மந்தமாகிறது. ஜப்பானின் நாகோயாவில் எலிகளை வைத்துச் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, ரெம்மின்போது வேலை செய்யும் ஒருவகை நரம்பணுக்கள் மறதிக்கே உதவுகின்றன என்று காட்டியது. ஆக, மறப்பதுதான் இயல்பு. கனவு ஓடும்போதோ முடிந்த கையோடோ விழித்து, அந்த விழிப்பு கொஞ்சம் நீடித்தால்தான் அது நினைவில் ஏறும். கனவை அதிகம் நினைவுகூர்பவர்களையும் குறைவாக நினைவுகூர்பவர்களையும் பிரான்ஸின் லியோனில் ஒப்பிட்டபோது, முதல் கூட்டம் இரவில் மொத்தம் 30 நிமிடம்போல விழித்திருந்தது, இரண்டாவது கூட்டம் அதில் பாதிதான்.

அதனால் "எனக்கு ஏன் இவ்வளவு கனவு?" என்று கேட்காமல் "3 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் நான் ஏன் இத்தனை தடவை விழிக்கிறேன்?" என்று கேட்க வேண்டும்.

3. கேள்விக்குறி

புரிகிறது. ஆனால் சுற்றி வளைப்பானேன்? ரெம்தான் வேர் என்றால் அதையே மருந்தால் அடக்கிவிட்டால் போயிற்று. மது, கஞ்சா, சில மனச்சோர்வு மாத்திரை எல்லாம் ரெம்மைக் குறைக்கும் என்று நீங்களே வேறு இழையில் எழுதியிருக்கிறீர்கள்.

4. சீட்டுப்படி

குறைக்கும்தான் சார், அதோட வட்டியும் போடும். 1960-இலேயே வில்லியம் டிமென்ட்ங்கிற தூக்க ஆய்வாளர் சிலரை ரெம் தொடங்கும்போதெல்லாம் எழுப்பிப் பார்த்தார். நாள் ஆக ஆக எழுப்ப வேண்டிய தடவை கூடிக்கொண்டே போச்சு. விட்டுவிட்ட ராத்திரியில் ரெம் வழக்கத்தைவிட அதிகமா வந்தது. கடனை வசூலிக்கிற மாதிரி.

மதுவில் இது ஒரே ராத்திரியில் நடக்கும். 10 மணிக்குக் குடிச்சா முதல் பாதியில் ரெம் அமுங்கும். ரெண்டு மூணு மணிக்குள்ள ரத்தத்தில் அளவு இறங்கினதும் அமுங்கினது எழும்பும். கூடவே நெஞ்சு படபடப்பு, சிறுநீர், வாய் வறட்சி. கனவு அதிகம், விழிப்பும் அதிகம். பதிவறை சொன்ன ரெண்டு நிபந்தனையும் ஒண்ணாச் சேர்ந்துடுது. "குடிச்சாத்தான் கனவில்லாமத் தூங்குறேன்"னு சொல்றவர் பேசுறது ராத்திரி 2 மணி வரைக்கும் உள்ள கதை.

கஞ்சாவை நிறுத்தினா சில நாளிலேயே கனவு வெள்ளமா வரும், வாரக்கணக்கில் நீடிக்கும். அந்தப் பயத்திலேயே திரும்பத் தொடங்குறவங்க உண்டு. அது கொஞ்ச நாளில் அடங்கும்னு முன்கூட்டியே தெரிஞ்சா தாக்குப்பிடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: தினமும் அதிகமாக் குடிச்சவர் சட்டுன்னு நிறுத்தி, ரெண்டு மூணு நாளில் கெட்ட கனவோட கை நடுக்கம், வியர்வை, இல்லாத உருவம் தெரியறது, குழப்பம்னு வந்தா அது கனவுப் பிரச்சினை இல்லை. அன்னைக்கே ஆஸ்பத்திரி.

5. மூன்றாம் ஜாமம்

கேள்விக்குறியின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: கனவே இல்லாமல் போனால் ஆளுக்கு ஏதாவது ஆகுமா? பயப்படும் அளவுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஃபெனெல்சின் என்ற பழைய மனச்சோர்வு மருந்து ரெம்மை ஏறக்குறைய முழுவதுமாக அழிக்கும். அதை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் பைத்தியம் பிடித்து அலையவில்லை. இஸ்ரேலில் பெரெட்ஸ் லாவி என்ற தூக்க ஆய்வாளர் 1984-இல் ஒருவரைப் பற்றி எழுதினார். குண்டுச் சிதறல் மூளைத்தண்டில் தங்கிவிட்டதால் அவருக்கு ரெம் ஏறத்தாழ இல்லாமலே போயிருந்தது. மனிதர் வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டிருந்தார்.

அதற்கு நேர்மாறானதும் உண்டு. 2004-இல் பதிவான 73 வயதுப் பெண்ணுக்கு மூளையின் பின்பகுதியில் இருபுறமும் பக்கவாதம் தாக்கியது. ரெம் அப்படியே இருந்தது, கனவு மட்டும் நின்றுவிட்டது. ரெம்மில் எழுப்பிக் கேட்டாலும் ஒன்றும் கிடையாது. ஆகவே ரெம்மும் கனவும் ஒன்றல்ல. ரெம்மை அடக்கினாலும் மற்றக் கட்டங்களில் கனவு வரலாம், குறைவாகவும் மங்கலாகவும்.

லாவியின் இன்னோர் ஆய்வு இந்த இழைக்கு அதைவிட நெருக்கமானது. நாஜி இனப்படுகொலையில் உயிர் பிழைத்தவர்களில் பின்னாளில் வாழ்க்கையை நன்றாக அமைத்துக்கொண்டவர்களை ரெம்மில் எழுப்பியபோது, சுமார் மூன்றில் ஒரு பங்கு தடவைதான் கனவு நினைவிருந்தது. அந்த அனுபவம் இல்லாத ஒப்பீட்டுக் குழுவில் இது 80 சதவீதம். கனவு மறப்பதைக் குறை என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

6. சீட்டுப்படி

இப்போ என் வேலை. "கனவு திடீர்னு கூடிப்போச்சு"ன்னு யார் சொன்னாலும் முதல்ல மாத்திரை அட்டையைத் திருப்பிப் படிக்கணும். கடந்த மூணு மாசத்தில் புதுசாச் சேர்ந்தது என்ன, அளவு மாறினது என்ன, விட்டுப்போனது என்ன?

நம்ம ஊரில் அதிகம் கண்ணில் படாம நழுவுறது மான்டெலுகாஸ்ட். சளி, தும்மலுக்கு லெவோசெட்ரிசினோட சேர்ந்து ஒரே மாத்திரையா ராத்திரிக்குத் தருவாங்க. பத்து நாளுக்கு எழுதினதைப் பழைய சீட்டைக் காட்டிப் பத்து மாசம் வாங்கிச் சாப்பிடுறவங்க நிறைய. கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் இதோட தெரிஞ்ச பக்கவிளைவு. 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுக்குக் கட்டம் கட்டின எச்சரிக்கையே போட்டது. குழந்தைகளுக்கும் பொருந்தும். வெறும் தும்மலுக்குன்னா டாக்டரிடம் கேட்டு மாத்திக்கலாம், ஆஸ்துமாவுக்குன்னா கேட்காம நிறுத்தக் கூடாது.

அடுத்தது நாடித்துடிப்பைக் குறைக்கிற ப்ரோப்ரனோலால், மெட்டோப்ரோலால். ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் கொடுக்கிற ப்ரோப்ரனோலால் கொழுப்பில் கரையும், மூளைக்குள்ள எளிதாப் போகும். அட்டெனோலால் தண்ணீரில் கரையுற வகை, அதனால கனவுத் தொல்லை குறைவு. மாத்தலாமான்னு டாக்டரிடம் கேட்கலாம். சட்டுன்னு நிறுத்தினா நாடித்துடிப்பு எகிறும், இதய நோயாளிக்கு நெஞ்சுவலியே வரலாம்.

மறதி நோய்க்கான டோனெபெசிலை ராத்திரி கொடுத்தா பயங்கரக் கனவு வரலாம். அதையே காலையில் கொடுத்தா பலருக்குச் சரியாயிடும். ஒரு பைசா செலவில்லாத தீர்வு. எச்.ஐ.வி. கூட்டுமருந்தில் இருந்த எஃபாவிரென்ஸும் இப்படித்தான். கொழுப்புச் சாப்பாட்டோட எடுத்தா ரத்தத்தில் அளவு கூடி தலைசுத்தலும் கனவும் கூடும், அதான் வெறும் வயிற்றில் படுக்கும் நேரத்தில் எடுக்கச் சொன்னது. இப்போ அந்த இடத்துக்கு வந்திருக்கிற டோலுடெக்ராவிர் தூக்கத்தைக் கெடுத்தா காலைக்கு மாத்திடலாம்.

புகை நிறுத்த 24 மணி நேர நிகோடின் பட்டை ஒட்டுறவங்க படுக்கும்போது கழட்டிட்டு, காலையில் புதுசு ஒட்டலாம். புகை நிறுத்துற மாத்திரை வரெனிக்ளின்னா ராத்திரி மாத்திரையைச் சாயங்காலச் சாப்பாட்டோட முன்னாடி தள்ளலாம். பார்கின்சன் மருந்துகளும் மலேரியாவுக்கான மெஃப்ளோகுயினும் இந்தப் பட்டியல்தான்.

7. கேள்விக்குறி

மனச்சோர்வு மாத்திரைகள் ரெம்மைக் குறைக்கும் என்கிறீர்கள். ஆனால் அதைச் சாப்பிடுபவர்கள்தானே "படம் பார்ப்பது மாதிரி கனவு" என்று புகார் சொல்கிறார்கள்? முரணாக இல்லையா?

8. சீட்டுப்படி

முரண் இல்லை, ரெண்டும் நடக்கும். எஸ்சிடலோபிராம், பராக்ஸெடின், வென்லஃபாக்சின் எல்லாம் ரெம்மைக் குறைக்கும், ஆனா தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். ரெம் குறைவு, விழிப்பு அதிகம், வர்ற கனவு பளிச்சுன்னு. தூக்கம் கெடுதுன்னா டாக்டரைக் கேட்டுக் காலை வேளைக்கு மாத்திப் பார்க்கலாம்.

பெரிய சிக்கல் டோஸ் விட்டுப்போறதில்தான். வெள்ளிக்கிழமை அட்டை தீர்ந்து, திங்கள்கிழமை கடைக்கு வந்தா, நடுவில் ரெண்டு ராத்திரி. பராக்ஸெடின், வென்லஃபாக்சின் ரெண்டும் சீக்கிரம் உடம்பைவிட்டு வடியுற மருந்து. அந்த ரெண்டு ராத்திரியே போதும், ரெம் பொங்கி எழும். ஃப்ளுக்சடின் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும், அதனால இந்த ஆட்டம் குறைவு. கனவு பொங்கின நாளையும் மாத்திரை விட்டுப்போன நாளையும் காலண்டரில் வட்டம் போட்டுப் பாருங்க, ஒட்டியே இருக்கும்.

9. சர்க்கரைப்பொங்கல்

யாரும் சொல்லாத ஒன்று: இரவில் சர்க்கரை இறங்குவது. இன்சுலின் போடுபவர், அல்லது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர், கெட்ட கனவில் திடுக்கிட்டு எழுந்து, பனியன் நனைந்திருந்து, காலையில் தலைவலியும் இருந்தால் மனதைக் குடைய வேண்டாம். குளுக்கோமீட்டரை எடுங்கள். 30/70 கலவை இன்சுலினில் உள்ள மந்த இன்சுலினின் உச்சம் போட்ட 4 முதல் 10 மணி நேரத்துக்குள் வரும். இரவு 8 மணிக்குப் போட்டால் நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரை.

இரண்டு மூன்று இரவுகள் 3 மணிக்கு அலாரம் வைத்து விரலில் குத்திப் பாருங்கள். 70 மி.கி.க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மறுநாளே மருத்துவரைப் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். வழக்கமாகத் தவறும் இடம் விரத நாள். சாப்பாடு பால் பழமாகச் சுருங்கிவிடும், இன்சுலின் மட்டும் பழைய யூனிட்டிலேயே போகும்.

சீட்டுப்படி சொன்ன ப்ரோப்ரனோலாலும் சேர்ந்து எடுப்பவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் அது மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. நனைந்த தலையணை உறைதான் அவருக்குத் துப்பு.

10. பதிவறை

நல்ல சேர்க்கை. விடியற்கால விழிப்பைக் குறைக்கும் மற்ற வழிகளை எழுதிவிடுகிறேன்.

அலாரத்தின் ஸ்னூஸ். 5.00, 5.10, 5.20, 5.30 என்று நாலு முறை அடிக்கும் அலாரம், இரவிலேயே ரெம் அதிகமான நேரத்தில் நாலு முறை எழுப்புகிறது. ஒவ்வொரு இடைவெளியிலும் ரெம்முக்குள் திரும்பப் போய்த் திரும்ப வெளியே வருகிறார்கள். "காலையில் நாலு கனவு ஞாபகம் இருக்கிறது" என்பதன் கணக்கு இவ்வளவுதான். 5.30-க்குத்தான் எழப்போகிறோம் என்றால் 5.30-க்கு ஒரே ஒரு அலாரம், கைக்கு எட்டாத தூரத்தில்.

ஏசி டைமர். இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. மின்கட்டணத்துக்குப் பயந்து 3 மணிக்கு நிற்கும்படி வைப்பார்கள். ரெம்மில் உடம்பு வியர்த்தோ நடுங்கியோ சூட்டைச் சமாளிக்கும் வேலையைப் பெருமளவு நிறுத்திவைக்கிறது, அறை சூடானால் விழிப்புதான் வழி. சரியாக ரெம் கூடும் நேரத்தில் அறையைச் சூடாக்குகிறோம். 24-இல் வைத்து 3 மணிக்கு நிறுத்துவதைவிட, 27-இல் வைத்து மின்விசிறியோடு விடியும்வரை ஓட விடலாம்.

சிறுநீர். சாயங்காலம் சாப்பிடும் நீர்பிரிக்கும் மாத்திரையைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். 8 மணிக்கு மேல் தண்ணீரைக் குறைக்கலாம், கோடையில் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம்.

குறட்டை. இதுதான் கனமானது. ரெம்மில் தொண்டைத் தசையும் தளர்வதால் மூச்சு அடைபடுவது அப்போதுதான் மோசமாகும். அடைபட்டு விழிப்பவர் கனவின் நடுவிலிருந்து வெளியே வருகிறார். சத்தமான குறட்டை, பகலில் அசதி, மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுப்பவர் பார்த்திருப்பது, ரத்த அழுத்தம், 50-க்கு மேல் வயது, 40 செ.மீ.க்கு மேல் கழுத்துச் சுற்றளவு, அதிக உடல் எடை, ஆண் என்பது. இவற்றில் மூன்று நான்கு சேர்ந்தாலே தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். மணிக்கு 5 அடைப்பு வரை இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

மூச்சுவழியைத் திறந்து வைக்கும் காற்றழுத்த முகமூடி போட்டால் பலருக்குக் கெட்ட கனவு குறைகிறது. ஆனால் முதல் சில இரவுகளில் கனவு கூடும். இத்தனை நாள் கெட்டுப்போயிருந்த ரெம் திரும்பப் பாய்வதால்தான் அப்படி. இதைச் சொல்லாமல் அனுப்பினால் "முகமூடி போட்டதும் பேய்க்கனவு" என்று நாலாம் நாளே கழற்றிவைத்துவிடுவார்கள்.

11. ஒத்திகை

விழித்துவிட்டோம், கனவு கையில் இருக்கிறது. அதைத் தொலைப்பது எப்படி? கனவை நினைவில் வைக்க ஆசைப்படுபவர்களுக்குச் சொல்லித்தருவதைத் தலைகீழாகச் செய்தால் போதும். அவர்களுக்கு நாங்கள் சொல்வது: கண்ணைத் திறக்காதே, அசையாதே, கடைசிக் காட்சியைப் பிடித்துப் பின்னோக்கிப் போ, எழுது, யாரிடமாவது சொல். மறக்க விரும்புபவர் விழித்த கணமே எழுந்து உட்கார வேண்டும், காலைத் தரையில் வைத்து, விளக்கைப் போட்டு, முகத்தைக் கழுவி, கவனம் தேவைப்படும் ஒரு சின்ன வேலையில் இறங்க வேண்டும். பால் பாக்கெட் கணக்கு, டிபன் பட்டியல், எதுவானாலும் சரி. 1973-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வில், எழுந்தவுடன் வானிலைத் தகவல் எண்ணுக்குப் போன் செய்து அன்றைய வெப்பநிலையை எழுதிவைக்கச் சொன்னார்கள். சற்று நேரம் அசையாமல் படுத்திருந்தவர்களைவிட இவர்களுக்குக் கனவு நினைவு வெகுவாகக் குறைந்திருந்தது.

நடு இரவு விழிப்புக்கு இது பொருந்தாது, முழு விழிப்பு வந்துவிடும். அப்போது மணி பார்க்காமல், விளக்குப் போடாமல், புரண்டு படுத்து, மனப்பாடமான ஒரு பாட்டையோ கவசத்தையோ முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓட்டுங்கள். கனவை மீள ஓட்ட மனதில் இடம் இருக்காது.

காப்பி குடிக்கும்போது "நேத்து ஒரு கனவு" என்று தொடங்குவதை நிறுத்துங்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் அது கனவு நினைவு அல்ல, பேச்சு நினைவு. பேச்சு நினைவு மறக்காது.

படுக்கும்போது "அதை நினைக்கவே கூடாது" என்று சபதம் எடுப்பதும் கூடாது. உளவியலாளர் வெக்னர் குழு 2004-இல் காட்டியது அதைத்தான்: தூங்குமுன் ஒருவரைப் பற்றி நினைக்காமலிருக்க முயன்றவர்களின் கனவில்தான் அவர் அதிகம் வந்தார். மனதில் இருப்பதைச் சாயங்காலம் 6, 7 மணிக்கே 15 நிமிடம் தாளில் கொட்டி மூடிவைப்பது மேல்.

12. கேள்விக்குறி

இங்கேதான் பிடிக்கிறேன். கனவை எழுதாதே என்கிறீர்கள். ஆனால் கெட்ட கனவுக்கான சிகிச்சையே கனவை எழுதித் தினமும் ஒத்திகை பார்ப்பதுதான், உங்கள் பெயரே அதுதான்! எது சரி?

13. ஒத்திகை

நல்ல பிடி. கனவு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து இரண்டும் சரி. தினம் ஒன்றாக மாறும் சாதாரணக் கனவை விட்டுவிட்டால் தானே உதிரும், அதை எழுதுவது வளர்ப்பது. ஒரே கெட்ட கனவு வாரத்துக்குப் பலமுறை திரும்பினால் அது ஏற்கெனவே மனப்பாடமாகிவிட்டது. மனப்பாடத்தை அழிக்க முடியாது, மேலே வேறொன்றைப் பதியத்தான் முடியும். பாரி க்ரகோ குழுவினர் 2001-இல் பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். கெட்ட கனவும் குறைந்தது, தூக்கமும் மேம்பட்டது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2018-இல் கெட்ட கனவுக்கு நேரடியாகப் பரிந்துரைத்த சிகிச்சை இதுதான்.

செய்முறை: பகலில், படுக்கைக்கு வெளியே, நாற்காலியில் உட்கார்ந்து. முதலில் நடுத்தர பயமுள்ள கனவு ஒன்றை எடுங்கள். ஆக மோசமானதைத் தொடக்கத்திலேயே எடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு, இரண்டாம் நாளே ஓடிவிடுவார்கள். உண்மையில் நடந்த கொடுமை அப்படியே திரும்பும் கனவை ஆலோசகர் துணையில்லாமல் தொட வேண்டாம்.

ஊரில் பாதிப்பேருக்கு வரும் கனவையே எடுத்துக்கொள்வோம். தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், வினாத்தாள் வேறு பாடம், பேனா எழுதவில்லை, மணி அடிக்கப்போகிறது. இதை நாலைந்து வரியில் எழுதுங்கள். பிறகு எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டித் திருப்புங்கள். உதாரணமாக: "வினாத்தாளைப் பார்க்கிறேன், வேறு பாடம். எழுந்து நின்று கையைத் தூக்குகிறேன். மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, 'இது உங்க தாள் இல்லைங்க, நீங்க எப்பவோ பாஸ் ஆயிட்டீங்க' என்கிறார். தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறேன். வேப்பமர நிழல், பெட்டிக்கடையில் எலுமிச்சை சோடா, தொண்டையில் அந்தச் சில்லென்ற புளிப்பு."

அந்தச் சோடாவின் புளிப்பு முக்கியம். புதுக் கதையில் கண், காது, நாக்கு மூன்றில் ஒன்றாவது வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. எதிரியை அடித்து நொறுக்குவது மாதிரி திருப்பாதீர்கள், அது இன்னொரு சண்டைக் கனவாகிவிடும். பழைய கனவைத் திரும்பப் படிக்காமல், புதியதை மட்டும் தினமும் 10 முதல் 20 நிமிடம் கண்ணை மூடி ஓட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு கனவுக்கு மேல் எடுக்க வேண்டாம். சில வாரம் தொடர வேண்டும். கனவு நீங்கள் எழுதியபடியே வராது. ஒருநாள் வேறு மாதிரி முடியும், அல்லது வராமலே போகும். இரண்டும் வெற்றிதான்.

14. சீட்டுப்படி

ப்ராசோசின் பத்தி யாரும் கேட்கலை, நானே சொல்லிடறேன். ரத்த அழுத்த மாத்திரை. அதிர்ச்சிக்குப் பின் வரும் கெட்ட கனவுக்குப் பல வருஷமாக் கொடுக்கிறாங்க. ஆனா 2018-இல் 304 அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரிடம் செய்த பெரிய சோதனையில் வெற்று மாத்திரையைவிட மேல்னு நிரூபணம் ஆகலை. கொடுக்கலாம், உறுதி இல்லைங்கிற நிலைமை. வழக்கமா 1 மி.கி.யில் படுக்கும்போது தொடங்குவாங்க. முதல் டோஸில் எழுந்து நின்னா மயங்கி விழுற ஆபத்து இருக்கு. இங்கே கடையில் பரவலாக் கிடைக்கிறது மெதுவாக் கரையுற 2.5, 5 மி.கி. அதை உடைச்சு 1 மி.கி. ஆக்குறேன்னு கிளம்பக் கூடாது, உடைச்சா மெதுவாக் கரையுற தன்மையே போயிடும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரையோட சேர்ந்தா அழுத்தம் அதலபாதாளம்.

பதற்றத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற க்ளோனசெபாமைப் "கனவு மாத்திரை"ன்னு கேட்டு வாங்குறவங்களுக்கு: அதே 2018 பரிந்துரையில் கெட்ட கனவுக்கு இது வேண்டாம்னுதான் இருக்கு. பழகிடும், குறட்டைக்காரருக்கு மூச்சடைப்பைக் கூட்டும். தூக்க ஹார்மோனான மெலட்டோனின் மாத்திரை சிலருக்குக் கனவை இன்னும் பளிச்சுன்னு ஆக்கும்.

15. மூன்றாம் ஜாமம்

க்ளோனசெபாமுக்கு ஒரே விலக்கு: கனவில் கைகாலை வீசுவது. பதிவறை சொன்ன அந்தத் தட்டையான தாடைக் கோடு சிலருக்குத் தட்டையாவதில்லை. தசை தளராததால் கனவில் அடிப்பதை நிஜத்தில் அடிக்கிறார்கள், கத்துகிறார்கள், கட்டிலிலிருந்து விழுகிறார்கள். ஷெங்க்கும் மஹோவால்டும் 1986-இல் விவரித்த கோளாறு இது. பெரும்பாலும் 50 வயதைத் தாண்டிய ஆண்கள். பார்கின்சன் வகை நோய்களுக்கு இது வருடங்களுக்கு முந்தைய அறிகுறியாக இருக்கலாம். 2019-இல் வெளியான 1280 பேர் மீதான பன்னாட்டு ஆய்வில், 12 ஆண்டுக்குள் சுமார் 73 சதவீதம் பேருக்கு அப்படியொரு நோய் வரும் என்று கணக்கிட்டார்கள். ஆகவே "அப்பா தூக்கத்தில் உதைக்கிறார், கனவை நிறுத்த மாத்திரை சொல்லுங்கள்" என்பது நரம்பியல் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. மெலட்டோனின் 3 மி.கி.யில் தொடங்கி ஏற்றுவார், அல்லது குறைந்த அளவு க்ளோனசெபாம். மனச்சோர்வு மாத்திரைகள் சில இதைத் தூண்டும் என்பதால் சீட்டை எல்லாம் எடுத்துப் போங்கள். அதுவரை மெத்தையைத் தரையில் போடுங்கள். தலைமாட்டில் சொம்பு, கண்ணாடி டம்ளர், மேசை முனை எதுவும் வேண்டாம். பக்கத்தில் படுப்பவர் கொஞ்ச நாள் தனிப் படுக்கையில் படுக்கட்டும்.

குழந்தைகள் பற்றி ஒரு வரி: தூங்கி இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அலறி, காலையில் ஒன்றும் நினைவில்லை என்றால் அது கனவே அல்ல, ஆழ்தூக்க அலறல். எழுப்பாமல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

16. திண்ணைக்காரர் (மட்டுறுத்துநர்)

இழையைப் பொருத்திவைக்கிறேன். கெட்ட கனவோடு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வந்தால் காத்திருக்க வேண்டாம்: இந்தியாவில் டெலி மனஸ் 14416, இலங்கையில் 1926, இரண்டும் இரவிலும் எடுப்பார்கள்.

மருத்துவரிடம் போகுமுன் எழுதிவைக்க, இரண்டு வாரத் தூக்கக் குறிப்புக்கு ஒரு மாதிரி வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். பதிவறையும் சீட்டுப்படியும் சொன்னதை வைத்து இந்தக் கட்டங்கள் போதும்: படுத்த நேரம், விளக்கணைத்த நேரம், இரவில் எத்தனை முறை விழிப்பு, ஒவ்வொன்றும் எதனால் (சிறுநீர், புழுக்கம், சத்தம், மூச்சு, வியர்வை, காரணம் தெரியவில்லை), அலாரம் எத்தனை முறை அடித்தது, என்ன மாத்திரை எத்தனை மணிக்கு, விட்டுப்போன டோஸ், மது, எழுந்தபோது கனவு நினைவிருந்ததா: ஆம் அல்லது இல்லை. கனவில் என்ன நடந்தது என்று எழுதக் கட்டம் வைக்காதீர்கள்.

17. கேள்விக்குறி

விழித்த நேரத்துக்கும் கட்டம் வேண்டாமா?

18. பதிவறை

வேண்டாம். அந்தக் கட்டம் இருந்தால் நடு இரவில் போனை எடுத்து மணி பார்ப்பார்கள். முதல் பாதியா, விடியும் நேரமா என்று காலையில் குத்துமதிப்பாக எழுதினால் போதும்.